பவளம் தின்ற மாலை

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், எனக்கு அடுத்த வீடு பவளத்துடையது. கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி, பேச்சில் ஊமை. புருஷன் இருளப்பன் கியா பார்ம் காய்கறித் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றும் லோரி ஓட்டினான். வீடு நிறைய கோஸ் கிடக்கும். அதில் ஓர் இலைகூட அவள் வாயில் படவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபத்தெட்டாம் வருஷம் தீபாவளி கழிந்து அவளுக்குப் பிறந்த பெண் குழந்தை பெயர் வைக்குமுன்னே போய்விட்டது. பிள்ளை பெற்றவளுக்குச் சோறு, மிளகுத் தண்ணி, கருவாடு மட்டும்தான். பழம், பச்சைக் காய், புளிப்பு எதுவும் ஆகாது. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளில்தான் பத்தியத்தை முறிப்போம். பிள்ளையே இல்லாத வீட்டில் யார் போய் முறிப்பது? எல்லாரும் சும்மா இருந்துவிட்டோம். அவளும் மாதக்கணக்கில் அதையே தின்றாள்.

முதலில் ஈறில் ரத்தம் வந்தது. பிறகு கூடை தூக்க முடியாத கால்வலி. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் சேலையை ஒதுக்கித் தொடையைக் காட்டினாள். கன்றிப்போன தடங்கள், கைக்குழந்தையின் விரல் அளவுக்கு, நாலைந்து சேர்ந்தாற்போல்.

“பாப்பா வருதுக்கா. வந்து புடிச்சுக்குது,” என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்து, சின்ன வயதில் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி வெட்டி என்றோ ஆறிப்போன முழங்கால் தழும்பு தானாக வாய் திறந்தது. கத்தியும் படவில்லை, அடியும் படவில்லை. அவள் நடந்துபோனால் லயத்தில் கதவுகள் சாத்திக்கொண்டன.

இருளப்பன் பயந்துபோய்ப் பூசாரி சின்னையாவைக் கூட்டிவந்தான். அவர் ஒரு பெரிய எலுமிச்சை மாலையால் அவள் தலையைச் சுற்றினார். “புள்ளய இதுக்குள்ள கட்டிட்டேன். இனிமே வராதுலா. யாரும் தொடக்கூடாது,” என்று சொல்லிக் குங்குமம் தடவி, மலையேறும் வழியில் இருந்த முனியாண்டி சிலையின் கழுத்தில் போட்டார். பவளம் அந்த மாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை, பனிமூட்டத்தில் நாங்கள் மலைக்கு ஏறும்போது முனியாண்டிக்குப் பின்னால் எதையோ உறிஞ்சும் சத்தம். பவளம் குந்தியிருந்தாள். உதடெல்லாம் ரத்தமும் குங்குமமும். எலுமிச்சையைத் தோலோடு கடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் கிட்டே போனேன்.

“வெளிய கட்டிப் போட்டுட்டாங்கக்கா. உள்ள எடுத்துக்கிறேன். என் வயித்துலயே இருக்கட்டும்,” என்றாள்.

சில நாளில் முனியாண்டி கழுத்தில் வெறும் நூல்தான் மிச்சம். அவளுக்கு ரத்தம் நின்றது, காயம் மூடத் தொடங்கியது. தொடையில் இருந்த தடங்களும் மஞ்சளாகி மறைந்தன. பேயைத் தின்றுவிட்டாள் என்று லயமே பேசிக்கொண்டது. அவளோ தொடையைப் பார்த்துப் பார்த்துக் கதறினாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் தங்கையா விசாரித்துவிட்டு இருளப்பனை ஏறிட்டுப் பார்த்தார். “பேயும் இல்ல, பிசாசும் இல்லலா. வைட்டமின் சி இல்லாத ஒடம்பு. அது இல்லன்னா ஈறுல ரத்தம் வரும், லேசா பட்டாலும் கன்னிப்போவும், ஆறுன புண்ணும் தொறக்கும். கொய்யா, எலுமிச்சை, பச்சை மிளகாய், ஒன் லோரியில இருக்கிற கோஸு, எதையாச்சும் தின்னிருந்தா இது வந்திருக்காது.”

பவளம் ஒன்றுதான் கேட்டாள். “அப்ப அந்தத் தடம் போனது பழத்தாலதானா?”

“ஆமாம்மா,” என்றார் அவர்.

இருளப்பன் வீட்டுப் பின்னால் கொய்யா நட்டான். எண்பதுகளில் அவளுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். பத்தியத்தை நானே போய் முறித்துவைத்தேன், யாரையும் நம்பவில்லை. மறுபடி கொழுந்துக்குப் போனாள், சிரிக்கவும் செய்தாள். ஆனால் வருஷாவருஷம் தீபாவளி கழிந்தால் அவள் தட்டில் சோறும் கருவாடும் மட்டுமே. கொய்யாப்பழம் மரத்தடியில் விழுந்து அழுகும். எனக்குப் புரியவே சில வருஷம் ஆனது.

புரிந்த அன்று நேரே போய்க் கத்தினேன். “பைத்தியமாடி ஒனக்கு? ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு சாவப்போறியா?”

பவளம் கதவைச் சாத்திவிட்டுச் சேலையை ஒதுக்கினாள். தொடையில் சின்னச் சின்னத் தடங்கள். என் கையை இழுத்து அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

“பாப்பா இன்னிக்குத்தான் வந்திருக்கா. கத்தாதீங்கக்கா. நாளைக்குக் கொய்யா தின்னு அனுப்பிடுறேன்.”