அப்பாவுக்கு இடம் தந்த ஜமால் கர்ஹி

“பதான்காரற்றை ஊரிலை புத்த கோயிலோ? பிள்ளை, கொப்பன் விட்ட கதையளிலை இதுதான் பெரிசு. இதை நினைவு மலரிலை போட்டு எங்களை நாறடிக்காதை.”

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று அவருடைய அண்ணன், என் பெரியப்பா, என்னிடம் இப்படிச் சொன்னார். கூடியிருந்த உறவினர்கள் நீங்களும் சிரித்தீர்கள். இப்போது முதலாண்டு நினைவுக்கும் வந்திருக்கிறீர்கள். வாசியுங்கள்.

அப்பா யாழ்ப்பாணத்துப் புலோலியில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவர். எண்பதுகளில் இராணுவத்துக்கு அஞ்சி ஜேர்மனிக்குப் புறப்பட்டவரை, காசு வாங்கிக் கூட்டிப்போன பயண முகவர் கராச்சியில் கைவிட்டார். காய்ச்சலோடு தெருவோரம் கிடந்தவரை நூர் முகம்மது என்ற பதான் சாரதி லொறியில் ஏற்றி, வடக்கே மர்தானுக்கு அருகிலுள்ள தம் ஊரான ஜமால் கர்ஹிக்குக் கொண்டுபோனார்.

அங்கே விருந்தினர் மனையை ஹுஜ்ரா என்பார்கள். வந்தவரிடம் எப்போது போவாய் என்று கேட்பது அவர்களுக்கு இழுக்கு. அப்பா மாட்டிறைச்சி உண்ணாதவர் என்று அறிந்ததும் புதுப் பானை வாங்கிக் கொடுத்தார்கள். குளிர்காலம் முழுவதும் வைத்துப் பார்த்தார்கள். உடல் தேறியபின் அப்பா குன்றேறி, பழைய புத்த மடத்தின் இடிபாடுகளுக்குள் உட்கார்ந்திருப்பாராம். “புத்தற்றை பேரைச் சொல்லித்தான் எங்களைக் கலைச்சவங்கள். அந்த மனுசன் அங்கை தலையில்லாமல் நிண்டார். அவரிலை எனக்குக் கோவம் வரேல்லை” என்பார்.

பிராங்பேர்ட் வந்த அன்றே, சொந்த அண்ணன் வீட்டில், தேநீர் ஆறுமுன் கேட்கப்பட்டது: “எப்ப வெளிக்கிடுறாய்?” அப்பா இதைக் குறையாகச் சொன்னதில்லை. ஜமால் கர்ஹியைப் பற்றி மட்டுமே சொன்னார். அது உங்களுக்குப் பொய்யாகவே இருக்கவேண்டியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். நூலகத்தில் தேடினேன், கிடைத்தது. குன்று, வட்டமான தூபி, சுற்றிவரச் சிறு கோயில்கள். படம் எதிர்ப்பக்கத்தில். தேட உங்களில் எவருக்கும் நேரம் இருக்கவில்லை. சிரிக்க எல்லாருக்கும் இருந்தது.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் அப்பா கேட்டது ஒன்றுதான்: “நான் பிழைச்சு வந்திட்டன் எண்டு அவையளுக்கு ஆராவது சொல்லவேணும், பிள்ளை.”

அவரைப் பராமரித்த தாதியருக்கும், நாள்தோறும் சூப் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஜேர்மன் அம்மையாருக்கும், நூர் முகம்மது குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. மலர்வளையம் அனுப்பிய உறவினருக்கும் நன்றி. வளையங்கள் பெரிதாகவே இருந்தன.

நேற்று பாகிஸ்தான் விசா கிடைத்தது. இஸ்லாமாபாத்துக்குச் சீட்டும் எடுத்துவிட்டேன்.

— மகள்