நடக்கப் போனவர் மேல் வந்த சந்தேகம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் என் கணவர் கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் குமாஸ்தாவாக இருந்தார். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று போனவரை, தினமும் விடியற்காலையில் நடக்கச் சொன்னார் டாக்டர். மூன்று மாதம் நடந்தார். ஆலையில் பஞ்சுப் பொதி நிறுக்கிற தராசில் ஏறிப் பார்த்தால் எடை ஒரு ராத்தல்கூடக் குறையவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் போகிற வழியில் பலகாரம் விற்கிற ஒரு காப்பி கிளப் இருந்தது. திரும்பி வந்ததும் வேட்டியில் எண்ணெய்க் கறை தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒரு தோசை குறைத்துச் சாப்பிட்டால், வெளியே வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள், "ஏனுங்க, நானும் வாரனுங்க" என்று கிளம்பினேன். "வா அம்மணி" என்றார் சந்தோஷமாக. அந்தச் சந்தோஷமும் நடிப்போ என்று தோன்றியது. கிளப்பைத் தாண்டும்போது அவர் முகத்தையே பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. நான் கூட இருப்பதால்தான் என்று மறுநாளும் போனேன். அப்படியே தினமும் போனேன்.

தைப்பூசத்துக்கு மருதமலை போனோம். முந்தின வருஷம் படியில் நாலு இடத்தில் உட்கார்ந்த மனுஷன், இந்த முறை பேசிக்கொண்டே ஏறினார். முழங்கால் வலி என்று சதா புலம்புகிற நானும் அவர் பக்கத்திலேயே ஏறிக்கொண்டிருந்ததைப் பாதி வழியில்தான் கவனித்தேன்.

மேலே போனதும், "நெசமாவே வழியில ஒண்ணும் திங்கலீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுக்குத்தான் இத்தன நாளா கூட வந்தியா?" என்று சிரித்தார்.

கடைசிவரை அவருக்கும் உடம்பு இளைக்கவில்லை, எனக்கும் இளைக்கவில்லை. நடப்பதை மட்டும் நாங்கள் விடவில்லை.