ஒட்டிக்கொள்ள இடமில்லாத நாப்கின்

புயல் கரையைக் கடந்த மறுநாள், கேளம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிப் பெண்கள் சேர்ந்து வாங்கிய நாப்கின் பாக்கெட்டுகளோடு கோவளத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்த நிவாரண முகாமுக்குப் போனேன். அரிசி, பாய் எல்லாம் யார் வேண்டுமானாலும் தருவார்கள், இது ஒரு பெண்ணுக்குத்தானே தோன்றும் என்று எனக்குள் கொஞ்சம் கர்வம்.

எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். மீன் விற்கும் செல்வி அக்கா மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தப்பா நெனச்சுக்காத கண்ணு. வூட்டுக்குள்ள தண்ணி பூந்ததும் கட்டின பாவாடையோட ஓடியாந்தோம். ஜட்டி எங்க கீது? இத எதுல ஒட்டிக்கிறது?"

வேறு என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன்.

"பழைய காட்டன் பொடவை, நாடா, அழுக்குத் துணிய ஊறவெக்க மூடி போட்ட வாளி கொண்டாந்து குடு. கிழிச்சுக் கட்டிக்குவோம்."

வீட்டுக்கு ஓடினேன். அவர் கேட்டதோடு, வழியில் கடையில் இருந்த ஜட்டிகளையும் அள்ளிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பினேன்.

பதிமூன்று வயதிலிருந்து மாதாமாதம் எனக்கும்தான் வருகிறது. பெண் என்பதால் எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பீரோ நிறையத் துணி வைத்திருப்பவளின் மாதவிலக்கு மட்டும்தான்.