தொண்ணூற்றொன்பதில் நின்ற ரசவாதம்

என் அண்ணன், என் நானா, கட்டாருக்கு வேலைக்குப் புறப்பட்ட அன்று, அவருடைய பயணப் பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று ஒப்பாரி வைத்தேன். எங்கள் ஊரான திகனயில், ஒழுங்கையின் இரு பக்க வீடுகளும் வேடிக்கை பார்த்தன. வேன்காரர் வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். நானா என் முன்னால் குந்தி, "அழாத தங்கச்சி. என்ட கேம்ல அல்கெமிய நூறுக்குக் கொண்டு வா. நூறான உடனே நானா வந்திடுவேன்," என்றார். நான் உடனே இறங்கிவிட்டேன்.

அது வீட்டுக் கம்ப்யூட்டரில், இணையத்தில் ஆடும் விளையாட்டு. அதில் நானா தாடி வைத்த ஒரு வைத்தியர். காட்டில் மூலிகை பறித்து, உரலில் இடித்து, பானையில் காய்ச்சி மருந்து செய்வார். அல்கெமி என்றால் ரசவாதம் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. மருந்து சரியாக வந்தால் அந்தத் திறமை கொஞ்சம் ஏறும். பிசகினால் எல்லாம் கருகிப் புகையாகிவிடும், அவ்வளவுதான் தெரியும். நானா எத்தனையோ காலம் ஆடியும் அது இருபதைத் தாண்டவில்லை. நூறு வர எனக்கு எப்படியும் சில வருடங்கள் ஆகும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

நான் ஜம்பு மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொள்வேன் என்பது அவருடைய கணக்கில் இல்லை. பிளாஸ்டர் கட்டோடு வீட்டில் கிடந்த எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, குர்ஆன் ஓதப் போவதும் இல்லை. விடிந்தால் தாடிக்காரராக மாறிவிடுவேன். "இந்தக் கிழவனோட என்னத்துக்கு மகள் நாள் முழுக்க?" என்று உம்மா ஏசுவார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறாது. ஒரு பானை கருகினால் நானாவின் பிளேன் ஒரு நாள் பிந்திவிட்டது என்றே நினைப்பேன். எண்பதுக்கு மேல் சாதாரண மருந்துகளுக்குத் திறமை ஏறவில்லை. சதுப்பு நிலத்தில் முதலைகளுக்கு நடுவே முளைக்கும் ஒரு கிழங்கு வேண்டியிருந்தது. அதைப் பிஸ்மி சொல்லித்தான் பானையில் போடுவேன்.

தொண்ணூற்றொன்பது ஆன மறுநாள் காலை நானா அழைத்தார். உம்மா குசினி அடுப்படிக்குப் போய் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு போனை என்னிடம் தந்தார். நான் பெருமையாக விஷயத்தைச் சொன்னேன்.

"அவசரமில்ல தங்கச்சி, மெதுவாச் செய்," என்றார் நானா.

அவசரமில்லையாம்! எனக்கு ஆத்திரமாக வந்தது. இவருக்காகத்தானே இவ்வளவு பாடும்?

அன்று உம்மா ஒருமுறைகூட ஏசவில்லை. பெருநாளும் இல்லை, விருந்தாளியும் இல்லை, ஆனாலும் தித்திக்கும் வட்டிலப்பம் அவித்தார். சாப்பிட வரச் சொன்னார், தலை வாரிவிடுகிறேன் என்றார், மாமி வீட்டுக்குப் போவோமா என்றுகூடக் கேட்டார். நான் அசையவில்லை. என்னிடம் மிஞ்சியிருந்த கிழங்கைப் போட்டு அடுப்பை மூட்டினேன். திரையின் அடியில் பச்சைக் கோடு மெல்ல மெல்ல நிரம்பியது. முக்கால்வாசி நிரம்பியபோது கரண்ட் போய்விட்டது.

ஆனால் பக்கத்து வீட்டு டீவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு முன் அறைக்குப் போனேன். உம்மா மெயின் சுவிட்சில் வைத்த கையை இன்னும் எடுத்திருக்கவில்லை.

"உங்களுக்கு நானா வாறது விருப்பமில்லையா?" என்று கத்தினேன்.

"நாளைக்குச் செய்யேலும் மகள்," என்றார் உம்மா.

அந்த வருடம் லீவு கிடையாது, அடுத்த வருடமும் நிச்சயமில்லை என்று நானா அன்று காலை உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அது வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. அதை என்னிடம் சொல்ல உம்மாவுக்கு வாய் வரவில்லை. நூறு ஆகிவிட்டால் நான் போய் வாசலில் உட்கார்ந்துவிடுவேன், யார் கூப்பிட்டாலும் எழும்பமாட்டேன் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்று எனக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. வட்டிலப்பத்தைத் தொடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உம்மாவும் சாப்பிடவில்லை. என் மேல் கோபமாக்கும் என்று நினைத்தேன்.