நனைந்த கயிறு

கசிமிரோ சந்தைக்குக் கிளம்பினால் அவர் மீசை அரைமணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிடும் என்பார்கள். கோவேறு கழுதை ஓட்டிப் பிழைத்த அந்த மனிதருக்கு ஊரில் இன்னொரு பெருமையும் உண்டு. கரும்பாலைப் பண்ணை விழுங்கியிருந்த நிலத்தை ஜெனரல் எலிகியோ துப்பாக்கி தூக்கி மீட்டார். ஆளுக்கு இருபது கயிறு என்று அதைப் பங்கு வைத்தபோது, கற்றாழை நார்க் கயிற்றைப் பிடித்து அளந்தவர் இவர்தான்.

"ஈரம் பட்டா நார் சுருங்கும், கசிமிரோ. காஞ்சப்புறம் அள" என்று ஜெனரல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அது கசிமிரோவின் கழுதைக்கே தெரியும். ஆனாலும் விதவை நிக்கோலாசாவின் பங்கை, மழை விட்ட காலையில், சொட்டச் சொட்ட நனைந்த கயிற்றால் அளந்தார். அவள் எல்லை முடிந்த இடத்திலிருந்து ஓடை வரைக்கும் இவருடையது. எல்லையில் கற்றாழையும் நட்டாயிற்று. அடுத்த மாதமே ஜெனரலைச் சூழ்ச்சி செய்து சுட்டுக் கொன்றார்கள்.

பன்னிரண்டு வருடமாக, ஜெனரலின் நினைவுநாளில் ஊரே அந்தக் கயிற்றை இவர் தோளில் மாட்டி ஊர்வலம் விடுகிறது. ஆலைக் கொப்பரையைச் சுமந்தாற்போல் இவருக்கு முதுகு வளையும். இந்த வருடம் கயிற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம். ஒரு சாண்கூடக் குறையாமல் அளந்தேன் என்று இவர் சத்தியம் செய்ய வேண்டுமாம்.

நினைவுநாளுக்கு முதல்நாள் நிக்கோலாசாவின் அடுப்படிக்குப் போனார்.

"ஒண்ணு சொல்லணும், நிக்கோலாசா."

"சொல்லுங்க, கசிமிரோ ஐயா. மீசை அடுப்புல விழாம தள்ளி உக்காருங்க."

"உன் பங்க அளந்தப்ப கயிறு ஈரம்."

அவள் சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "உழறப்ப நாலு சால் குறையுது."

"தெரியுமா?"

"என் மாடு திரும்புற இடம் எனக்குத் தெரியாதா?"

"ஏன் கேக்கல?"

"ஜெனரல் வச்ச பங்குலயே திருட்டுன்னு பண்ணக்காரன் சிரிப்பான். அதான் வாய மூடிக்கிட்டேன். உங்களுக்காக இல்ல."

கழுதை உதைத்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் கூட்டத்தின் முன் கயிற்றை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, சுருங்கியதைக் காட்டினார். "ஜெனரல் சரியாத்தான் சொன்னாரு. திருடுனது இந்தக் கை."

கூட்டம் கலைந்ததும் கடப்பாரையோடு வயலுக்குப் போய்க் கற்றாழையைத் தோண்டினார். பன்னிரண்டு வருட வேர், பாதாளம்வரை போயிருந்தது. முள் கிழித்துக் கை முழுக்க ரத்தம்.

நிக்கோலாசா கயிற்றோடு வந்தாள். ஒரு நுனியைப் பிடிக்க இவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. பாறைமேல் அதை நீளமாக விரித்துப் போட்டாள்.

"இருங்க. காயட்டும்."