அரை மார்க் சாரின் முழங்கால்

அவர் கணக்கு வாத்தியார். வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு பிள்ளைக்கும் பத்துக்குப் பத்து போட்டதில்லை. விடை சரியாக இருந்தால் கையெழுத்துக்கு அரை மார்க் குறைப்பார். கையெழுத்தும் முத்து முத்தாக இருந்து தொலைத்துவிட்டால், ஓரத்தில் கோடு போடாததற்குக் குறைப்பார். பள்ளிக்கூடம் அவருக்கு வைத்த பெயர் ‘அரை மார்க்’. நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டு விடைக்குத் தாவும் பிள்ளைகள் மீது மட்டும் தனிக் கோபம் உண்டு. “படியத் தாண்டினா மார்க் கிடையாது!” என்று அவர் போடும் சத்தத்தில் பக்கத்து வகுப்பின் சரித்திரப் பாடமே நின்றுபோகும்.

வீட்டிலும் அதே சிவப்புப் பேனாதான். மனைவி ஆசை ஆசையாகச் சமைத்து வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தால், “ஆறு” என்பார். மகள் பிறந்தபோது துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். உற்றுப் பார்த்துவிட்டு, “ஆறு போடலாம்” என்றவர் அவர். இந்த மனிதரிடம் ஆறுதான் முழு மார்க் என்று புரிந்த நாளிலிருந்து மனைவி முகம் வாடுவதை நிறுத்திக்கொண்டாள்.

நாள் முழுக்கக் கரும்பலகை முன்னால் நின்ற கால் சும்மா விடுமா? ஓய்வு பெற்றதும் வலது முழங்கால் மக்கர் பண்ணியது. மாடியில் இருக்கும் படுக்கையறைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏறினார். மூட்டை மாற்றிவிடலாம் என்றார் டாக்டர்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. மூட்டு மாற்றிய பிறகும் யாருக்கு வலி விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லுமாம். முழங்காலுக்கு ஜோசியம், வேறென்ன!

“வலி பத்துக்கு எத்தனை சார்?” என்று கேட்டார் டாக்டர்.

பத்துக்கு எத்தனை என்று கேட்டதும் வாத்தியாருக்கு முதுகு நிமிர்ந்தது. கொஞ்சம் யோசித்து, “மூணு” என்றார்.

“டாக்டர், அவரோட மூணு நம்ம மூணு இல்ல. படி ஏறும்போது கண்ணுல தண்ணி வருது” என்றாள் மனைவி.

“நோயாளி சொல்றதுதாம்மா கணக்கு. பயமா இருக்கா சார்? தூக்கம் வருதா?”

“எதுக்குப் பயப்படணும்? அதெல்லாம் வருது.”

டாக்டர் பதில்களைக் கம்ப்யூட்டரில் தட்டியதும் திரை பச்சையானது. வலி நீடிக்க வாய்ப்பில்லை என்று எழுத்து ஓடியது. டாக்டர் கை குலுக்கினார்.

மூட்டு மாற்றினார்கள். எக்ஸ்ரே படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்து, பெண் பார்க்க வந்தவர் போல ரசித்தார். வலி மட்டும் வாடகைக்கு வந்து காலி பண்ண மறுப்பவன் மாதிரி உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு முறை போய்ச் சொன்னபோதும், “கம்ப்யூட்டர்ல பச்சை வந்திருக்கே சார்” என்றார் டாக்டர். மாடிப்படி எட்டாக்கனி ஆகிவிட்டது. கூடத்துச் சோபா அவருக்குப் படுக்கையானது. ரெண்டு பேருக்கு அதில் இடமில்லை, நீ மேலேயே படு என்று மனைவியை அவர்தான் விரட்டினார்.

கடைசியில் ஒரு வழி திறந்தது. வலி ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால், வலிக்கென்றே இருக்கும் தனி டாக்டரிடம் அனுப்புவார்களாம். ஐந்துக்குக் கீழே என்றால் அத்தோடு சரி. மனைவி காரில் போகும்போதே பாடம் நடத்தினாள்.

“அஞ்சுன்னு சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“மார்க்க ஏத்திப் போடச் சொல்றியா?”

“படி ஏற முடியாம கிடக்கீங்களே, அதுக்கு அஞ்சு கூடவா போடக்கூடாது?”

டாக்டர் கேட்டார். வாத்தியார் கண்ணை மூடி, விடைத்தாளைத் திருத்துவது போலக் காலைத் திருத்தினார். “நாலரை.”

“கம்ப்யூட்டர் அரையெல்லாம் எடுக்காது சார். நாலா, அஞ்சா?”

மனைவி முழங்கையால் இடித்தாள். அந்த அரை மார்க்குக்காக எத்தனை பிள்ளைகள் அவர் மேசை முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள்! ஒருத்தருக்கும் இரங்கியதில்லை. இன்று தனக்கென்று வந்தபோது மட்டும் இரங்க முடியுமா? மனிதர் அப்படி வளைந்து பழகியவரில்லை.

“நாலே போடுங்க” என்றார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். முடிந்தது என்று வாத்தியார் எழுந்தார். எழுந்த வேகத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. மேசையைப் பற்றியபடி, சின்னப் பிள்ளை போல, “பத்து! பத்து!” என்று கத்திவிட்டார்.

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாயிலிருந்து அப்படி ஓர் எண் வந்து அவள் கேட்டதே இல்லை.

டாக்டர் பத்து என்று தட்டினார். திரை சிவந்தது. “நாலுலேர்ந்து ஒரே தாவுல பத்தா? நடுவுல ஒரு படியும் காணோமே சார். வலியப் பெரிசுபடுத்துற குணம்னு வருது. இதுக்கு அந்த டாக்டர் வேண்டாம். மனசத் தேத்திக்க ஒரு வகுப்பு நடக்குது, அதுல சேர்ந்துக்குங்க.”

வாழ்நாளில் எதையும் பெரிசுபடுத்தாத மனிதர், வகுப்பில் சேரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவமானம் வலியைவிடக் கூடுதலாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தார். மாடியிலிருந்து தொம் தொம்மென்று சத்தம் கேட்டது. மனைவி மெத்தையைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். சோபாவை ஒட்டித் தரையில் விரித்தாள்.

“எதுக்கு இதெல்லாம்? மேல ஃபேன் ஓடலையா?”

“ஓடுது.”

“அப்புறம் என்ன?”

“நீங்க இங்கதான இருக்கீங்க.”

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “மேல தனியா… ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?”

தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள். “ஆறு.”