மத்தியதரைக் கடல் நாட்டுக்காரி

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை கலாச்சார தினம் நடக்கும். ஒவ்வொரு நாட்டுக்காரர்களும் மேசை போட்டு, கொடி நட்டு, ஊர்ச் சாப்பாடு வைக்க வேண்டும். மேலதிகாரிகள் தட்டோடு சுற்றிவந்து ருசி பார்ப்பார்கள். உலக ஒற்றுமை என்று அதற்குப் பெயர்.

என் பக்கத்து இருக்கைக்காரி பாலஸ்தீனப் பெண். ஷார்ஜாவிலேயே பிறந்தவள். தாத்தா ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு காஸாவுக்கு வந்தவர். அப்பா அங்கிருந்து இங்கே பிழைக்க வந்தவர். அவளிடம் இருப்பது பாஸ்போர்ட் அல்ல, அகதிகளுக்கு எகிப்து கொடுத்த பயண ஆவணம். அதை வைத்துக்கொண்டு எகிப்துக்குள்ளேயே நினைத்தபோது நுழைய முடியாது. ஷார்ஜா ரோலாவில் எங்களுக்கு அடுத்தடுத்த தெரு. துபாயில் இருக்கும் அலுவலகத்துக்கு ஒரே பஸ்ஸில் போய்வருவோம். நான் சொல்லும் அந்த வருடம் காஸாவில் அவளுடைய சித்தப்பா வீடு குண்டு விழுந்து தரைமட்டமாகியிருந்தது. அவள் லீவு போடாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

விழாவுக்குப் பொறுப்பு எங்கள் அட்மின் மேனேஜர், நம்மூர்க்காரர். ஆகஸ்ட் பதினைந்தானால் கதர்ச்சட்டை போட்டுவந்து மூவர்ண கேக் வெட்டுவார். நம்மை நாமே ஆள எவ்வளவு பாடுபட்டோம் என்று பேசிக் கண்கலங்குவார். துடைத்த கை காய்வதற்குள் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்.

அவர் வைத்த பெயர்ப் பலகைகளில் எல்லா நாடும் இருந்தது. இவள் மேசையில் மட்டும் ‘மத்தியதரைக் கடல் உணவு’ என்று எழுதியிருந்தது. கொடியும் இல்லை. மேலிடத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. குனியச் சொன்னால் தவழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் சொல்வதற்கு முன்பே தவழ்ந்தார்.

நான் போய்க் கேட்டேன்.

“நமக்கு எதுக்கும்மா பாலிடிக்ஸ்? ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு. அதெல்லாம் ரொம்பச் சிக்கலான விஷயம்,” என்றார்.

ஊரில் வேலியோரத்து முழ அகல நிலத்துக்காக அண்ணன்மேல் கேஸ் போட்டுவிட்டு, லீவுதோறும் கோர்ட்டு வாசலில் நிற்கிறவர் அவர். அந்த வழக்குக்கு ரெண்டு பக்கம் இருந்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்திய மேசையில் பாதியை எடுத்துக்கொள், உன் கொடியையும் வை என்று அவளிடம் சொன்னேன். வேண்டாம் என்றாள். பிறந்ததிலிருந்து அடுத்தவர் மேசையில்தான் தனக்கு இடம் கிடைக்கிறது என்றாள்.

விழா அன்று வீட்டிலிருந்து பெரிய பானையில் மக்லூபா செய்துகொண்டு வந்தாள். அரிசியும் கத்தரிக்காயும் கறியும் அடுக்கி வேகவைத்துத் தலைகீழாகக் கவிழ்க்கும் சோறு. ஹாலுக்குப் போகாமல், டீ போடும் சிற்றறையில் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். ஒரு தாளில் ‘பாலஸ்தீன்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். துப்புரவு வேலைக்காரர்கள் முதலில் வந்தார்கள். வாசனை பிடித்து மற்றவர்களும் ஒவ்வொருவராக ஹாலிலிருந்து நழுவி வந்தார்கள். கடைசியில் மேனேஜரும் தட்டை நீட்டினார்.

“லெபனான் ஐட்டம்தானே?”

“இல்லை, பாலஸ்தீன்.”

சாப்பாட்டுக்கு ஏது நாடு என்று சிரித்தார்.

“வெளியே எல்லா மேசையிலும் நாடு இருக்கிறதே. என் நாட்டுப் பெயரை ஒருமுறை சொல்லுங்கள். பிறகு தாராளமாகச் சாப்பிடுங்கள்.” அவள் குரல் உயரவில்லை.

அவர் திரும்பி, மேலதிகாரிகள் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. அப்போதும் அந்த ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு, காலித்தட்டை மைக்ரோவேவ் மேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுவருடம் நாட்டு மேசைகளே இல்லை. எல்லோருக்கும் பீட்சா வாங்கினார்கள்.

அந்தப் பீட்சா நாள் மாலை பஸ்ஸில் அவள் போனில் செய்தி பார்த்தபடி வந்தாள். ஏதோ ஒரு நகரத்தில் தலைவர்கள் கூடி, காஸாவை இனி யார் ஆள்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எல்லா நாட்டுக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டைப் பற்றித்தான் பேச்சு. எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை,” என்றாள்.

அவள் போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.